ஜம்பு சாப்பிட்ட சம்சம்

புனே சிங்கட் ரோட்டின் மிட்டாய்க் கடைகளைப் பற்றி ஜம்புவுக்குத் தெரிந்த அளவு அந்தக் கடைக்காரர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஜிலேபிக்கு ஒரு கடை, பால்கோவாவுக்கு இன்னொன்று, ஸ்ரீகண்டுக்கு மட்டும் தாயரி முக்குக்குப் போக வேண்டும், அதுவும் காலையில் போக வேண்டும் என்று விவரமாகச் சொல்வார். மாயவரத்திலிருந்து இளைஞனாகக் கிளம்பி, கடக்வாஸ்லா ராணுவப் பயிற்சிக் கழகத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். மராத்தி இன்னும் சரியாக வராது. ஆனால் இனிப்புகளின் பெயர்களை மட்டும் புனேக்காரனே திரும்பிப் பார்க்கும்படி உச்சரிப்பார்.

ஓய்வு பெற்றபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வெளிப்பட்டது. அன்றோடு அவருடைய அதிகாரபூர்வமான இனிப்பு வாழ்க்கை முடிந்தது. வீட்டில் சர்க்கரை டப்பா பரணுக்கு ஏறியது. மனைவி விசாலாக்ஷி காபியில் சர்க்கரைக்குப் பதிலாக ஏதோ ஒரு மாத்திரையைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். ஜம்பு அதை ஒரு வாய் குடித்துவிட்டு, "ரொம்ப நன்னாருக்கு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாலாக்ஷி அருகில் இருந்த ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லைப் பற்றிப் பாடம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று பெற்றோர்களே சொல்வார்கள். எதையும் கண்ணால் பார்த்தால்தான் பாடம் என்பது அவருடைய கட்சி. வெங்காயத் தோலை உரித்துக் காட்டுவார். திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காட்டுவார். கத்தரிக்காய்க்கு உப்புத் தடவி அது கண்ணீர் விடுவதைப் பிள்ளைகளை விட்டு மை ஒற்றும் தாளில் ஒற்றி எடுக்கச் சொல்வார். வீட்டுக்கு வாங்கி வரும் காய்கறியில் பாதி பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும் என்பது ஜம்புவின் நெடுநாள் புகார்.

அந்த வருஷம் விசாலாக்ஷியின் ஆய்வகத்துக்கு ஆபத்து வந்தது. பள்ளியின் டிரஸ்டி பிங்ளே என்பவர், "இனிமேல் குழந்தைகளுக்கு ரோபோட்டுதான் முக்கியம், செல்லெல்லாம் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார். ஆய்வக அறையை ரோபோடிக்ஸ் அறையாக மாற்றுவதாகத் திட்டம். ஃப்ரிட்ஜை முதலிலேயே தூக்கிப்போய் ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டார்கள். அதில் இப்போது ஆசிரியர்களின் தயிர் டப்பாக்கள் நிரம்பி வழிந்தன. விசாலாக்ஷி நேராக டிரஸ்டியிடம் போய், "ஒரே ஒரு வகுப்பு வந்து உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்" என்று கேட்டார். பிங்ளே பெரிய மனது பண்ணி வெள்ளிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்.

அந்த வகுப்புக்கு விசாலாக்ஷி தேர்ந்தெடுத்தது முட்டை.

முட்டையை வினிகரில் போட்டு வைத்தால் ஓடு குமிழ் விட்டுக் கரைந்துபோகும். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சும். கையில் எடுத்தால் ரப்பர் பந்து மாதிரி தளதளவென்று இருக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் வீங்கும், சர்க்கரைப் பாகில் போட்டால் சுருங்கும். செல்லின் சவ்வு எதை விடும், எதை விடாது என்பதைக் குழந்தை கூடப் புரிந்துகொள்ளும்.

ஆனால் விசாலாக்ஷியின் வீட்டில் முட்டை என்ற சொல்லுக்கே இடமில்லை. முட்டை போட்ட கேக் என்று சந்தேகம் வந்தால் ஜம்பு அந்தக் கல்யாண மண்டபத்திலிருந்தே எழுந்து வந்துவிடுவார். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியும் அப்படித்தான். முட்டை ஓடு குப்பைக் கூடையில் கிடந்தால் கமிட்டி விசாரணை வைக்கும். ஆகவே ஓடு கரைக்கும் வேலையைப் பள்ளியின் கணக்கு டீச்சர் ஃபஹ்மிதா ஏற்றுக்கொண்டார். ஃபஹ்மிதாவின் வீட்டுக்காரருக்குப் புனேயின் கேம்ப் பகுதியில் தோல் பை வியாபாரம். பூர்வீகம் வாணியம்பாடி. ஃபஹ்மிதாவும் விசாலாக்ஷியும் ஸ்டாஃப் ரூமில் தமிழில் பேசிக்கொள்வதற்காகவே சிநேகமானவர்கள்.

புதன்கிழமை மாலை ஃபஹ்மிதா ஓடு கழன்ற இரண்டு முட்டைகளை ஒரு டிபன் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளி ஃப்ரிட்ஜில் தயிர் டப்பாக்களுக்கு நடுவே இடமில்லை, வீட்டுக்குத்தான் எடுத்துப்போக வேண்டும்.

"மேடம், பார்த்து. சார் கண்ணுல பட்டுச்சுன்னா உங்களையும் சேர்த்து வெளியே அனுப்பிடுவாரு."

"அவர் கண்ணுல எதுவும் படாது ஃபஹ்மிதா. ஃப்ரிட்ஜுல கொத்தமல்லி இருந்தாலே தேடித் தேடி இல்லேம்பார்" என்றார் விசாலாக்ஷி.

வீட்டுக்கு வந்து, ஜம்பு மாடியில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த நேரத்தில், பரணிலிருந்து சர்க்கரையை இறக்கிக் கெட்டியாகப் பாகு காய்ச்சினார். ஆறியதும் அகலவாய்க் கண்ணாடி ஜாடி ஒன்றில் ஊற்றி ஒரு முட்டையை அதில் விட்டார். இன்னொரு ஜாடியில் தண்ணீர் ஊற்றி மற்ற முட்டையை விட்டார். இரண்டையும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், தேங்காய் மூடிக்குப் பின்னால் தள்ளி வைத்தார். பாகு காய்ச்சின வாசனை மட்டும் சமையலறையை விட்டுப் போகவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஜம்பு கதவைத் திறந்ததும் நின்றார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எச்சரிக்கையாகிவிடுவாள் என்பது அவருக்கு அனுபவம்.

மறுநாள் வியாழக்கிழமை. புனேயில் வியாழக்கிழமை என்றால் மின்சார இலாகா கம்பியைப் பழுதுபார்க்கிறேன் என்று கரண்டைப் பிடுங்கிவிடும். விசாலாக்ஷி பள்ளிக்குப் போன பிறகு, ஃபேன் நின்று, டிவி நின்று, வீடே மௌனமானது. ஜம்பு கொஞ்ச நேரம் செய்தித்தாளைப் பார்த்தார். பிறகு எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

உள்ளே விளக்கு எரியவில்லை. மூக்குக்கண்ணாடி ஹாலில் இருந்தது. தேங்காய் மூடியை நகர்த்தினார். ஜாடி தட்டுப்பட்டது. வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். கெட்டியான பாகு. அதில் வெளிர் மஞ்சளாக, நீள்வட்டமாக, லேசாகச் சுருக்கம் விழுந்து ஏதோ ஒன்று மிதந்தது.

"சம்சம்!" என்றார் ஜம்பு வாய்விட்டு.

சம்சம் என்றால் வங்காளத்து இனிப்பு. ரசகுல்லாவின் ஒன்றுவிட்ட அண்ணன். புனேயில் நல்ல சம்சம் கிடைப்பது துர்லபம். ஞாயிற்றுக்கிழமை கராடியிலிருந்து மகள் ஸ்நேஹா வரப்போகிறாள். ஊரின் மறுகோடியான அங்கே ஐடி கம்பெனியில் வேலை. அவளுக்காகத்தான் இந்த அம்மா வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள்! பெற்ற பெண்ணுக்கு சம்சம், கட்டின புருஷனுக்கு வெந்தயத் தண்ணீர். ஜம்புவுக்கு நெஞ்சு கனத்தது. அந்த மனத்தாங்கலோடு ஸ்பூனை எடுத்தார். ஸ்பூனில் அது நிற்கவில்லை, வழுக்கி வழுக்கிப் பாகுக்குள் ஓடியது. கடைசியில் இரண்டு விரலை விட்டுப் பிடித்தார். கொஞ்சம் ரப்பராக இருந்தது. ரொம்ப நாள் ஊறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முழுசாக வாய்க்குள் போட்டுக் கடித்தார்.

அது வெடித்தது.

வாய்க்குள் என்ன நடந்தது என்று புரிவதற்குள் ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கிவிட்டது. மீதி தாடையில் வழிந்து பனியனில் இறங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் பனியனைப் பார்த்தார். மஞ்சள். அந்த மஞ்சளை அவர் ராணுவ மெஸ்ஸில் பல வருஷம் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். எந்த இனிப்பிலும் அந்த மஞ்சள் கிடையாது.

குளியலறைக்கு ஓடினார். கொப்பளித்தார். பல் தேய்த்தார். திரும்பவும் கொப்பளித்தார். நாக்கை வழித்தார். தலையோடு குளித்தார். பூணூலை மாற்றிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். மந்திரம் பாதியில் நின்றது. ஒரு ஏப்பம் வந்தது. மறுபடி எழுந்து பல் தேய்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. விசாலாக்ஷி.

"ஏன்னா, அங்க கரண்ட் போயிடுத்தா?"

"ம்."

"ஃப்ரிட்ஜைத் திறக்காதேங்கோ. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன், இப்ப மனசு கேக்கலை. கோச்சுக்கக் கூடாது. நாளைக்கு கிளாஸுக்கு ரெண்டு முட்டை வெச்சிருக்கேன். ஓடு கெடையாது, ஒண்ணும் பண்ணாது. தேங்காய் மூடிக்குப் பின்னாடி இருக்கு, அந்தப் பக்கமே போகாதேங்கோ."

"ம்."

"தண்ணில கெடக்கறது நன்னா உப்பியிருக்கும். பாகுல கெடக்கறது சுருங்கிப் போயிருக்கும். பாகு கெட்டி, உள்ள இருக்கற தண்ணியெல்லாம் வெளில வந்துடும். நாளைக்கு அந்த டிரஸ்டி முகத்துக்கு நேரா ரெண்டையும் எடுத்துக் காட்டப்போறேன். அதை நம்பித்தான் என் லேபே இருக்கு. கேக்கறேளா?"

"கேக்கறேன்."

"என்ன, கோபமா? குரலே ஒரு மாதிரி இருக்கே."

"பல்லு தேச்சிண்டிருக்கேன்" என்றார் ஜம்பு.

"மத்தியானம் பன்னண்டு மணிக்கா?"

அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

முட்டையைத் தின்ற பாவத்துக்குப் பிராயச்சித்தம் பிறகு யோசித்துக்கொள்ளலாம். முதலில் ஜாடி நிரம்ப வேண்டும். வேறு முட்டை வாங்கிப் போட்டுவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். முக்கில் ஒரு முட்டைக் கடை இருந்தது. தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிற கடை. அங்கே போய் நின்று, அட்டைகளில் அடுக்கியிருந்த முட்டைகளைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஓடு இருந்தது. ஓடில்லாமல் முட்டையை எப்படிக் கேட்பது? ஹிந்தியில் அதற்கு வார்த்தை என்ன?

"கித்னே சாஹியே, அங்கிள்?" என்றான் கடைக்காரன்.

எத்தனை வேண்டும் என்று அவன் கேட்கவும், அடுக்குமாடிக் கமிட்டியின் காரியதரிசி ஜோஷி ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் வரவும் சரியாக இருந்தது. ஜம்பு அப்படியே திரும்பி, வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று யோசிக்கிற பாவனையில் நடந்து, அடுத்த சந்தில் இருந்த மிட்டாய்க் கடைக்குள் புகுந்தார். கால்கள் தாமாகப் போகிற இடம் அது.

கண்ணாடி அலமாரியில், எஃகுப் பாத்திரத்தில், ரசகுல்லாக்கள் மிதந்துகொண்டிருந்தன.

"ஒரு ரஸ்குல்லா" என்றார் ஹிந்தியில்.

"ஒரு கிலோவா?"

"ஒன்றே ஒன்று."

கடைக்காரன் அவரைப் பல வருஷமாக அறிந்தவன். ஏதோ துக்கம் என்று நினைத்துக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

வீட்டில் ஜம்பு அந்த ரசகுல்லாவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஆராய்ந்தார். கொஞ்சம் அமுக்கி நீளவாக்கில் உருட்டினார். சுருங்கியிருக்க வேண்டுமே என்று ஸ்பூன் காம்பால் கோடுகள் போட்டார். விட்ட உடனே கோடுகள் மறைந்தன. நூலைச் சுற்றிக் கட்டி அரைமணி நேரம் வைத்தார். அவிழ்த்ததும் அது பெருமூச்சு விட்டதுபோல் பழையபடி உப்பிக்கொண்டது. நிறமும் சரியில்லை. ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி தடவினார். அதைப் பாகில் விட்டு, மூடியைத் திருகி, தேங்காய் மூடிக்குப் பின்னால் தள்ளினார். அதைத் தின்னாமல் உள்ளே வைத்ததற்காக அவருக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. இத்தனைக்கும் அதன் பாகு அவர் விரலில் ஒட்டியிருந்தது.

மாலையில் விசாலாக்ஷி வந்து ஜாடிகளைத் திறந்து பார்ப்பார் என்று பயந்தார். அவர் பார்க்கவில்லை. ஏறிட்டும் பார்க்காமல் இரண்டு ஜாடிகளையும் தனித்தனித் துண்டில் சுற்றினார்.

"பாக்கலையா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் ஜம்பு.

"நான் எப்பவும் முன்னாடி பாக்கமாட்டேன். கொழந்தைகளோட சேர்ந்துதான் பாப்பேன். அப்பத்தான் என் முகத்துல ஆச்சரியம் நிஜமா இருக்கும்."

நிஜமாகத்தான் இருக்கப்போகிறது என்று ஜம்பு நினைத்தார்.

ஸ்கூட்டரில் ஜாடி தளும்பும் என்று மறுநாள் காரை எடுக்கும்படி ஆயிற்று. "நீங்களும் உள்ள வந்து உக்காருங்கோ, இத்தனை வருஷத்துல என் கிளாஸை ஒரு நாள் பாத்ததில்லையே" என்றார் விசாலாக்ஷி. தலைவலி, வயிற்றுவலி, கார் பார்க்கிங் என்று ஜம்பு சொன்ன எந்தக் காரணமும் எடுபடவில்லை. ஆய்வகத்தின் கடைசி வரிசையில் ஃபஹ்மிதாவுக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்துவிட்டார்.

"வாங்க சார், நல்லாருக்கீங்களா?" என்றார் ஃபஹ்மிதா. "வேர்க்குது போல?"

"லேசா."

பிங்ளே முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசாலாக்ஷி முதலில் அவரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஒரு மாணவியின் கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் சுரண்டி, நீலச் சாயம் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வெளிக்கோடு தெரியும், அதுதான் சவ்வு. நடுவே அடர் நீலப் புள்ளி, அதுதான் உட்கரு. இரண்டுக்கும் இடையில் கொழகொழவென்று சைட்டோபிளாசம் என்று விளக்கினார். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். பிங்ளே குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஏதோ கறுப்பாக, முடி முடியாகத் தெரிகிறது" என்றார்.

"அது உங்கள் இமை, சார்" என்றாள் ம்ருண்மயி என்ற மாணவி. முன்பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்த பெண் அவள்.

பிங்ளே சிரிக்காமல் போய் உட்கார்ந்தார்.

பிறகு விசாலாக்ஷி பாடத்தை ஆரம்பித்தார். ஓடு கரைந்த முட்டையைப் பற்றிச் சொன்னார். இதன் மேல்தோல் அசல் செல் சவ்வு அல்ல, ஆனால் அதைப் போலவே நடந்துகொள்ளும். தண்ணீரைப் போக வர விடும், பெரிய சமாசாரங்களை விடாது என்றார். முதல் துண்டை அவிழ்த்தார். தண்ணீர் ஜாடிக்குள் முட்டை உப்பி, மினுமினுத்து, ஜாடியின் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. உள்ளே மஞ்சள் கரு நிழலாக ஆடியது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள். பிங்ளே கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெளியே வெறும் தண்ணீர். உள்ளே கெட்டியான சரக்கு. அதனால் தண்ணீர் சவ்வைத் தாண்டி உள்ளே போனது. இதற்குப் பெயர்தான் ஆஸ்மோசிஸ். இப்போது பாகில் இருந்தது என்ன ஆகியிருக்கும்? சொல்லுங்கள்!"

"சுருங்கியிருக்கும், மேடம்!" என்று வகுப்பே கத்தியது.

விசாலாக்ஷி இரண்டாவது துண்டை அவிழ்த்தார்.

ஜாடிக்குள் அது குண்டாக, சௌகரியமாக, லேசான மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கழுத்தை நீட்டினார்கள். விசாலாக்ஷி ஸ்பூனை விட்டுத் தூக்கினார். அது சொட்டுச் சொட்டாகப் பாகை விட்டது. விரலால் அமுக்கினார். அமுங்கி, எழுந்தது. முகர்ந்து பார்த்தார். ஏலக்காய் வாசனை.

"மேடம், ஹா ரஸ்குல்லா ஆஹே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இது ரசகுல்லா என்று மராத்தியில் கத்திய அந்தக் குரலுக்குப் பிறகு கூரை இடிகிற மாதிரி சிரிப்பு.

விசாலாக்ஷி சிரிக்கவில்லை. ஸ்பூனைப் பிடித்தபடி மெதுவாகத் தலையை உயர்த்திக் கடைசி வரிசையைப் பார்த்தார். ஜம்பு சீலிங் ஃபேனின் இறக்கைகளை உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஃபஹ்மிதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஜம்புவோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தின விசாலாக்ஷிக்கு அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

பிங்ளே எழுந்தார். "மேடம், வீடியோ நல்லது என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம். வீடியோவில் முட்டை ரசகுல்லா ஆகாது. ஏதோ வேடிக்கை காட்டிப் பிள்ளைகளை ஏமாற்றப் பார்த்தீர்கள் போலிருக்கிறது."

ஏமாற்ற என்ற சொல் ஜம்புவின் காதில் விழுந்தது. கத்தரிக்காயைக் கூடப் பொய் சொல்ல விடாத பெண்பிள்ளையைப் பார்த்து இந்த மனுஷன் என்ன பேச்சுப் பேசுகிறான்! அவர் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் தான் எழுந்தது அவருக்கே தெரிந்தது. வகுப்பு முழுதும் திரும்பியது. இருந்த மராத்தியையெல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னார்:

"அண்டா... மீ கால்லா."

முட்டையை நான்தான் தின்றேன் என்பதுதான் அதன் பொருள். இலக்கணம் தப்பு. ஆனால் புரியாதவர் யாரும் இல்லை.

"சம்சம் என்று நினைத்தேன்" என்று இங்கிலீஷில் சேர்த்துக்கொண்டார். "நான் சுத்த சைவம். சர்க்கரை வியாதிக்காரன். அதனால் இரண்டு குற்றம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ரசகுல்லாவை வைத்ததும் நான்தான்."

இந்தத் தடவை சிரிப்பு வர ஒரு கணம் பிடித்தது. வந்தபோது அடங்க நேரமாயிற்று. அதற்குள் ம்ருண்மயியின் கை உயர்ந்திருந்தது.

"சார், கடிக்கும்போது முட்டை உள்ளே இனிப்பாக இருந்ததா?"

அந்த நிமிஷத்தை ஜம்பு மறக்கத்தான் பார்த்தார். ஆனால் இனிப்பைப் பற்றி யாராவது கேட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. கண்ணை மூடி யோசித்தார்.

"வெளியே நல்ல இனிப்பு. கம்பிப் பதத்துக்கு ஒரு பிடி முந்தின பாகு. உள்ளே இனிப்பே இல்லை. துளிக்கூட இல்லை. உப்பும் இல்லாமல் சப்பென்று ஏதோ. அதனால்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது."

விசாலாக்ஷியின் முகம் மாறியது. ஸ்பூனை மேஜையில் வைத்தார்.

"திரும்பச் சொல்லுங்கள்!"

"உள்ளே இனிப்பு இல்லை."

"ராத்திரி முழுதும் பாகில் கிடந்தது. உள்ளே இனிப்பு இல்லை!" விசாலாக்ஷி வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீர்களா? தண்ணீர் வெளியே வந்திருக்கிறது, ஆனால் சர்க்கரை உள்ளே போகவில்லை. சவ்வு விடவில்லை. இதை நானே இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. யார் பச்சை முட்டையைக் கடித்துப் பார்த்துச் சொல்வார்கள்? நீங்களும் ஒருநாளும் செய்யக்கூடாது, பச்சை முட்டை உடம்புக்கு ஆகாது. ஜம்பு சார் செய்துவிட்டார், போகட்டும்."

பிறகு அவருக்குக் கை நிற்கவில்லை. ரசகுல்லாவைக் கத்தியால் இரண்டாக வெட்டினார். உள்ளே முழுக்கப் பொத்தல். "இதற்குச் சவ்வு கிடையாது. காவல் இல்லாத வீடு. பாகு தன்பாட்டுக்கு உள்ளே போகும், தன்பாட்டுக்கு வெளியே வரும். அதனால்தான் சுருங்கவில்லை" என்றார். ஒரு பாதியைத் தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தண்ணீரை ம்ருண்மயிக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தார். இனிப்பு என்றாள். மற்றவர்களும் ஸ்பூனோடு முண்டியடித்தார்கள்.

"அப்போ முட்டையின் தண்ணீரில் முட்டை வந்திருக்காதா?" என்று ஒரு பையன் கேட்டான். வரவில்லை, தெளிவாக இருக்கிறது பார் என்று விசாலாக்ஷி ஜாடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே எவ்வளவு தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று காட்ட ஒரு ஊசியையும் எடுத்தார்.

"யாராவது வந்து கிண்ணத்தைப் பிடிக்க வேண்டும்" என்றவர், யோசிக்காமல் தமிழில் சொன்னார்: "ஏன்னா, நீங்க வாங்கோ."

ஜம்பு வந்தார். மறுக்கிற நிலைமையில் அவர் இல்லை. உப்பிய முட்டையைக் கிண்ணத்தில் வைத்து விசாலாக்ஷி ஊசியால் குத்தினார். மெல்லிய நூல்போல ஒரு பீச்சு சீறிக்கொண்டு கிளம்பி, ஜம்புவின் சலவைச் சட்டைப் பையில் சரியாகப் போய் விழுந்தது. ஜம்பு அசையவில்லை. பிள்ளைகள் மேஜை மீது ஏறிவிட்டார்கள்.

அந்தக் களேபரத்தில்தான் ம்ருண்மயி அடுத்த கேள்வியைக் கேட்டாள். "மேடம், சவ்வு சர்க்கரையை விடாது என்றால், நாம் தின்கிற சர்க்கரை நம் செல்லுக்குள் எப்படிப் போகிறது?"

விசாலாக்ஷி கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் ஜம்புவுக்குப் புரிந்தது. தப்பிப்பதற்குள் தோளைப் பிடித்து வகுப்பின் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டார்.

சர்க்கரைக்கென்று செல் சவ்வில் தனி வாசல்கள் இருக்கின்றன என்றார். தசையிலும் கொழுப்பிலும் அந்த வாசல்களில் பல உள்ளே மடங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து தட்டினால்தான் அவை மேலே வந்து சவ்வில் பொருந்தும். "இந்த சாரின் செல்கள் அந்தத் தட்டலைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. சர்க்கரை வெளியே ரத்தத்திலேயே நிற்கிறது. உள்ளே செல் பசியோடு இருக்கிறது. ரத்தத்தில் கூடின சர்க்கரை, சிறுநீரில் இறங்கித் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகிறது."

"அதனால் சாருக்கு ரொம்பத் தாகம் எடுக்குமா?" என்றாள் ம்ருண்மயி.

"எடுக்கும்" என்றார் ஜம்பு பரிதாபமாக.

"பாத்ரூமுக்கு அடிக்கடி போவீர்களா?"

ஜம்பு மறுபடி சீலிங் ஃபேனைப் பார்த்தார். ஆனால் பதில் வந்தது, முன்வரிசையிலிருந்து.

"போவார்" என்றார் பிங்ளே. குரலில் பெருமூச்சு இருந்தது. "ராத்திரியில் மூன்று நான்கு தடவை போவார். எனக்குத் தெரியும்."

வகுப்பு முடிந்தபிறகு அவர் மைக்ராஸ்கோப்புக்குத் திரும்பி வந்தார். விசாலாக்ஷி ரப்பர் பேண்டைச் சரிசெய்து கொடுத்தார். இந்தத் தடவை இமையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை. "இத்தனை வாசலும் எங்கே இருக்கிறது, மேடம்?" என்று கேட்டார். அவ்வளவு சின்னது இதில் தெரியாது என்றார் விசாலாக்ஷி. "நீங்களும் சாயங்காலம்தான் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போட்டுக்கொள்கிறீர்களா, சாப்பிட்ட பிறகா?" என்று பிங்ளே ஜம்புவை மெதுவாக விசாரித்தார். இருவரும் ஜன்னலோரம் போய் நின்று நெடுநேரம் பேசினார்கள்.

ஆய்வகம் முழுசாகப் பிழைக்கவில்லை. பாதி அறைக்குப் பிளைவுட் தடுப்புப் போட்டார்கள். அந்தப் பக்கம் ரோபோக்கள் கீச்கீச்சென்று ஓடும். இந்தப் பக்கம் விசாலாக்ஷி வெங்காயம் உரிப்பார். ஆனால் ஃப்ரிட்ஜ் திரும்பி வந்தது, ரப்பர் பேண்ட் இல்லாத மைக்ராஸ்கோப்பும் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது ஜம்புதான் காரை ஓட்டினார். சிங்கட் ரோட்டு நெரிசலில் வண்டி நின்றபோது விசாலாக்ஷிக்குச் சிரிப்பு வந்தது. வாயை இறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. "மஞ்சள்பொடி!" என்று சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். ஜம்பு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்தார். "நூல் சுத்தியும் பாத்தேன்" என்றார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகும் அவர்கள் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்நேஹா வந்தாள். வரும்போதே ஃபோனை நீட்டிக்கொண்டு வந்தாள். பெற்றோர் குழுவில் யாரோ போட்ட வீடியோ கராடி வரை சுற்றி வந்திருந்தது. "அப்பா, நீ... முட்டைக்கு உள்ள... டேஸ்ட் பண்ணி... ஓ காட், எப்படி சொல்றது தமிழ்ல!" என்று திணறினாள். மாயவரத்திலிருந்து ஜம்புவின் அத்தை பையன் ராம்கியும் கூப்பிட்டு, இதற்கு என்ன பரிகாரம் என்று சாஸ்திரிகளிடம் கேட்டுச் சொல்லவா என்றான். முட்டை உள்ளே போனதுக்கா, ரசகுல்லா உள்ளே போகாததுக்கா என்று ஜம்பு திருப்பிக் கேட்டார்.

அடுத்த மாதப் பரிசோதனையில் அவருடைய சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. தான் கட்டுப்பாடாக இருந்ததுதான் காரணம் என்று ஜம்பு டாக்டரிடம் சொன்னார். உண்மை வேறு. விசாலாக்ஷி ஃப்ரிட்ஜில் இருந்த டப்பா அத்தனையிலும் ஒரு காகிதம் ஒட்டி, 'முட்டை' என்று எழுதி வைத்துவிட்டார். பாதாம் அல்வாவிலும் அதே காகிதம், பால் பாயசத்திலும் அதே காகிதம். அவற்றில் பெரும்பாலானவை பொய் என்று ஜம்புவுக்கு நன்றாகத் தெரியும். எது பொய் என்பதுதான் தெரியாது.